கருகின ஓரங்கள்

தியானப் பகுதி: சகரியா 3:1-5, யோவான் 6:5-13



சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடந்த ஐக்கிய விருந்தில் பரிமாறப்பட்ட புகையிட்ட இறைச்சியையும் பீன்ஸையும் குறித்து உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். செய்முறையை எழுதித் தரும்படி சகோதரிகள் சிலர் விரும்பினீர்கள். இதை யார் சமைத்தது என்றும் இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். "வீட்டில் செய்தோம்" என்று மட்டும் சொல்லி நான் நகர்ந்துவிட்டேன். இந்த வாரத் தியானத்தில் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நாம் குடியிருக்கும் இந்தக் கான்சஸ் சிட்டியில் புகையிட்ட இறைச்சி ஒரு பெரிய மரபு. 1908ஆம் ஆண்டு வாக்கில் ஹென்றி பெரி என்னும் கறுப்பினத்தவர் இந்நகரில் இறைச்சியை விறகுப் புகையில் வேகவைத்து விற்கத் தொடங்கினார். 1940இல் அவர் மறைந்தபின் அவரிடம் வேலை செய்த சார்லி பிரையன்ட் அந்தக் கடையை நடத்தினார். அவருக்குப் பின் 1946இல் அவருடைய சகோதரர் ஆர்தர் பிரையன்ட் பொறுப்பேற்றார். அந்தக் கடையில் பிரிஸ்கெட் எனப்படும் நெஞ்சுக்கறியை வெட்டும்போது கறுத்து முறுகிய ஓரத் துண்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கும். ரொட்டிக்குள் வைக்க உதவாதவை என்று அவற்றை யாரும் விலைக்கு விற்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் இலவசமாக எடுத்துத் தின்றார்கள். இவ்வூரில் வளர்ந்த எழுத்தாளர் கால்வின் ட்ரில்லின் 1972இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அந்தத் துண்டுகளைப் புகழ்ந்து எழுதினார். இன்று 'பர்ன்ட் எண்ட்ஸ்' என்ற பெயரில் நகரெங்கும் அவற்றைத் தனி உணவாகவே விலைக்கு விற்கிறார்கள். வேண்டாம் என்று ஒதுக்கினதை இன்று மக்கள் தேடி வந்து வாங்குகிறார்கள்.

இந்த வரலாற்றை எனக்குச் சொன்னவன் என் மகன். சென்ற ஞாயிறு நீங்கள் உண்டதைச் சமைத்தவனும் அவனே.

அவனைக் குறித்து நீங்கள் கேட்டபோதெல்லாம் "நன்றாயிருக்கிறான், ஜெபியுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையை இப்போது எழுதுகிறேன். அவனைப் பற்றி எழுத அவனிடம் அனுமதி பெற்றேன். என் குற்றத்தை எழுத எவருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் அவன் படிப்பை நிறுத்தினான். ஒன்றரை ஆண்டு வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். மாலைதோறும் நான் அந்தக் கதவின் முன் நின்று பேசினேன். சபையிலுள்ள மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டேன். ஓர் இரவு, "உன்னால் நான் பிரசங்க பீடத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடியவில்லை" என்றேன். அடுத்த வாரம் அவன் வீட்டைவிட்டுப் போனான். நகரின் மறுபக்கத்தில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கிறிஸ்துமஸ் அன்று ஒரு மணி நேரம் வருவான், தாயோடு பேசுவான், போய்விடுவான்.

இந்த ஆண்டு ஐக்கிய விருந்துக்கு அவனைச் சமைக்க அழைத்தவள் என் மனைவி. எனக்கு அவள் சொன்னது அவன் சரி என்று பதில் அனுப்பிய பிறகுதான்.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பெரிய பிரிஸ்கெட்டுகளோடு வந்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 பவுண்டு. அதன் தன்மையை அவன் விளக்கியபோது நான் வியந்தேன். மாட்டுக்கு நமக்கிருப்பதுபோல் காறை எலும்பு இல்லை. ஆகவே முன்னுடலின் பாரத்தைத் தாங்குவதில் நெஞ்சுத் தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சுமந்து சுமந்து உறுதியேறிய தசை அது. அவசரமாகச் சமைத்தால் தோலைப் போல் மெல்ல வேண்டியிருக்கும். அதில் தட்டையான ஒரு தசையும் அதன்மேல் கொழுப்பு மிகுந்த, தடித்த இன்னொரு தசையும் ஒட்டியிருக்கும். கருகின ஓரங்கள் அந்தத் தடித்த தசையிலிருந்து வருகின்றன.

மேற்கொழுப்பைக் கால் அங்குல அளவுக்குச் சீவி, உப்பும் கரகரப்பாகப் பொடித்த மிளகும் சிறிது மிளகாய்ப்பொடியும் தடவினான். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் புகையடுப்பில் ஹிக்கரி விறகிட்டு, வெப்பத்தைப் பாரன்ஹீட் 250 பாகையில் நிறுத்தினான். இறைச்சியின் உள்வெப்பம் 200 பாகையைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் ஆகும்.

மறுநாள் பிரசங்கம் இருந்தும் எனக்கு உறக்கம் வரவில்லை. பத்து மணிக்கு வெப்பமானி 160 காட்டியது. பதினொன்றுக்கும் 160. நள்ளிரவிலும் அதே 160. நெருப்பு அணைந்துவிட்டதென்று எண்ணி, இன்னும் இரண்டு விறகுகளைப் போடக் கதவில் கை வைத்தேன். அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான்.

"வேண்டாம்ப்பா. இப்போ ஒண்ணும் செய்யக்கூடாது. திறக்காம இருக்கிறதுதான் வேலை."

பிறகு காரணம் சொன்னான். இந்த நிலையில் இறைச்சியிலுள்ள ஈரம் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதுபோல் அது இறைச்சியைக் குளிர்விக்கிறது. நெருப்பு ஏற்றும் வெப்பமும் ஆவி எடுத்துச்செல்லும் வெப்பமும் சமமாகிவிடுவதால் முள் மணிக்கணக்கில் அசையாது. அந்த நேரத்திலும் உள்ளேயிருக்கும் விறைப்பான இணைப்புத் திசு மெல்ல மெல்ல இளகிக்கொண்டிருக்கிறது. பொறுமையிழந்து நெருப்பைக் கூட்டினால் இறைச்சி உலர்ந்து, பின்பு அதைச் சீராக்க வழியிருக்காது.

நான் அடுப்பின் அருகே அமர்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அவன் இருந்த அந்த ஒன்றரை ஆண்டு என் கண்முன் வந்தது. முள் அசையவில்லை என்று மாலைதோறும் நெருப்பைக் கூட்டினவன் நான். வெகுநேரத்துக்குப் பின், "அந்நாட்களில் நான் உன்னிடம் பேசியது பாவம். என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. அடுப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தான். "காலையில பிரசங்கம் இருக்கு. போய்ப் படுங்கப்பா" என்றான். உள்ளே போய் என் போர்வையை எடுத்துவந்து, நாற்காலியின்மேல் வைத்துவிட்டுப் போனான். நான் அங்கேயே அமர்ந்திருந்தேன்.

விடியுமுன் பீன்ஸ் வேலை தொடங்கிற்று. வெள்ளை பீன்ஸை முந்தின இரவே ஊறவைத்து, வெறும் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்திருந்தான். அதன்பின்தான் வதக்கிய வெங்காயம், தக்காளிச் சாறு, கடுகு விழுது, பழுப்புச் சர்க்கரை, கரும்புப் பாகு ஆகியவற்றைச் சேர்த்தான். புளிப்பும் இனிப்பும் முன்னதாகச் சேர்ந்தால் பயற்றின் தோல் இறுகிவிடும்; எவ்வளவு நேரம் வைத்தாலும் மெதுவாவது கடினம். சகோதரிகளே, செய்முறையில் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். அந்தப் பாத்திரத்தை மூடாமல் இறைச்சியின் கீழ்த்தட்டில் வைத்தான். மேலிருந்து சொட்டும் கொழுப்பும் சுற்றிவரும் புகையும் இரண்டு மணி நேரம் அதில் இறங்கின.

ஆறு மணிக்கு இறைச்சி பதமாயிற்று. தட்டையான பகுதியைத் தாளில் சுற்றி ஓய வைத்தான். தடித்த பகுதியை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, இனிப்பும் காரமுமான குழம்பில் புரட்டி, மீண்டும் புகைக்குள் இரண்டு மணி நேரம் வைத்தான். வெளியே வந்தபோது அவை கன்னங்கரேலென்று இருந்தன. முதல் துண்டை என்னிடம் நீட்டினான். வாயில் வைத்தவுடன் கரைந்தது. "இந்தக் கறுப்பு கரி இல்லப்பா. மசாலாவும் புகையும் சேர்ந்த மேலோடு. நிஜமாவே கரியாப் போச்சுன்னா கசக்கும், தூரத்தான் போடணும்" என்றான்.

அந்தப் புகையோடே ஆராதனைக்கு வந்தேன். சூளையிலிருந்து வெளியே வந்த தானியேலின் தோழர்கள்மேல் நெருப்பின் மணம்கூட வீசவில்லை. நான் அப்படியில்லை என்பதை முன்வரிசையில் இருந்தவர்கள் அறிவீர்கள். விருந்து மண்டபத்தின் பின்வாசலில் அவன் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்த வேளையில்தான் மூப்பர் ஒருவர் என்னிடம், "ஐயா, யார் சமைத்தது?" என்று கேட்டார். என் மகன் என்று சொன்னால் அடுத்து என்ன படித்தான், எங்கே வேலை, ஏன் சபைக்கு வருவதில்லை என்று கேள்விகள் வரும். ஆகவே "வீட்டில் செய்தோம்" என்றேன். இரவு மன்னிப்புக் கேட்ட அதே வாய் பகலில் இதைச் சொன்னது. சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவன் போய்விட்டிருந்தான். அவன் காதில் அது விழுந்ததா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. திங்கட்கிழமை தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "விழுந்தது" என்றான்.

அன்பானவர்களே, சகரியா தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தில் பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். அவனை நெருப்பிலிருந்து பறித்தெடுத்த கொள்ளிக்கட்டைக்கு ஒப்பிட்டுக் கர்த்தர் அவனுக்காகப் பேசுகிறார். இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் என்னை யோசுவாவின் இடத்தில் வைத்தே வாசித்தேன். இந்த வாரம் மறுபடி வாசித்தபோது, அவன் வலப்பக்கத்தில் இன்னொருவன் நிற்பதைக் கண்டேன். அவன் அங்கே நிற்பது குற்றஞ்சாட்டுவதற்காக. சாத்திய கதவின் முன் மாலைதோறும் நான் நின்ற இடம் அந்த இடம்.

ஒரு சோதனையையும் அறிக்கையிடுகிறேன். மகன் இன்று உழைத்து வாழ்கிறான், கைத்தொழிலில் தேறியிருக்கிறான். ஆகவே என் கடுமையும் அவனைப் புடமிட்ட நெருப்பே என்று சொல்லிக்கொள்ள மனம் விரும்புகிறது. அது பொய். எல்லா நெருப்பும் பக்குவப்படுத்துவதில்லை. சில நெருப்பு கரியாக்கும். அவன் கரியாகாமல் தப்பினது என்னால் அல்ல. அந்த நான்கு ஆண்டுகளும் என் கண்ணுக்கு மறைவாக அவனைக் காத்தவர் கர்த்தர்.

ஐயாயிரம் பேர் திருப்தியான பின்பு, மீந்த துண்டுகளில் ஒன்றும் வீணாகாதபடி சேர்க்குமாறு ஆண்டவர் சீஷர்களுக்குக் கட்டளையிட்டார். வானத்தின்கீழ் அத்தனை பேருக்கு அப்பத்தைப் பெருக்கினவருக்கு மீதியின்மேல் என்ன தேவை? ஆயினும் பன்னிரண்டு கூடைகள் நிரம்பும்வரை அவர்கள் குனிந்து சேர்த்தார்கள். அவர் கண்ணில் மீதி என்று விட்டுவிடத்தக்கது எதுவும் இல்லை. நம் வீடுகளிலும் சாத்திய கதவுகள் உண்டு. படிப்பில் நின்றவர்கள், வேலையிழந்தவர்கள், மணவாழ்வு முறிந்து வந்தவர்கள் அவற்றின் பின்னால் இருக்கிறார்கள். முள் அசையவில்லை என்பதற்காக நெருப்பைக் கூட்டாதிருங்கள். போஜனம் கொண்டுபோய் வையுங்கள். அருகே அமர்ந்திருங்கள்.

அடுத்த மாத ஐக்கிய விருந்துக்கும் சமைக்க வருவதாக என் மகன் தாயிடம் சொல்லியிருக்கிறான். அவன் வந்தால், உணவு நன்றாயிருந்தது என்று அவனிடமே சொல்லுங்கள். மற்றக் கேள்விகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். யார் சமைத்தது என்று எவரேனும் கேட்டால், இம்முறை நான் பதில் சொல்வேன்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, குற்றஞ்சாட்டும் இடத்தில் நின்ற எங்களை மன்னியும். எங்கள் பிள்ளைகளுக்குள் நாங்கள் காணாத வேளையிலும் நீர் கிரியை செய்கிறீர் என்று நம்ப எங்களுக்குப் பொறுமை தாரும். எங்களால் காயப்பட்டவர்களை நீரே ஆற்றித் தேற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.