கண்டிக்குக் கிழக்கே: தும்பர மலைகளும் மகாவலி நீர்த்தேக்கங்களும்

கண்டி நகரிலிருந்து கிழக்கே திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக, தும்பர மலைகள் எனப்படும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறி, பதினெட்டு வளைவுகளில் இறங்கி மஹியங்கனையைத் தொட்டு, மகாவலி கங்கையின் நீர்த்தேக்கங்களை ஒட்டி மீண்டும் கண்டிக்குத் திரும்பும் சுற்றுப்பாதை, இலங்கையின் மலைப் பயணங்களில் துணிவு மிகுந்த ஒன்று. ஏ26 என்ற பிரதான வீதியில் கண்டிக்கும் மஹியங்கனைக்கும் இடையிலான தூரம் சுமார் 75 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தச் சிறு தூரத்துக்குள் ஈரமான மலைக்காடு, தேயிலைச் சரிவு, காற்று வீசும் புல்வெளி, வரண்ட வலயத்துச் சமவெளி என நிலத்தின் முகம் பலமுறை மாறிவிடுகிறது.

மலையும் ஏரியும் சேர்ந்த வீதிப் பயணம் என்றதும் பலருக்கும் மத்திய ஆசியாவே நினைவுக்கு வரும். தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலை 4,655 மீட்டர் உயரமுள்ள அக்-பைத்தால் கணவாயைக் கடக்கிறது. கிர்கிஸ்தானின் இசிக்-குல் ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில், 668 மீட்டர் ஆழத்துடன் விரிந்து கிடக்கிறது. அவற்றோடு உயரத்தில் போட்டியிட நக்கிள்ஸ் தொடரால் முடியாது. அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீட்டர்தான். முக்கியமான வேறுபாடு வேறொன்று. இசிக்-குல் இயற்கை தந்த ஏரி. கண்டிச் சுற்றுப்பாதையில் கண்ணில் படும் பெரிய நீர்ப்பரப்புகள் அனைத்தும், கண்டி வாவி முதல் ரந்தெனிகல வரை, மனிதர் உழைத்து உண்டாக்கியவை. மலையை இயற்கை தந்தது, நீரை மக்கள் தேக்கினார்கள் என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் இப்பாதையின் பெருமையும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் விளங்கும்.

பயணம் தொடங்கும் கண்டி வாவியை, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் வயல் நிலத்தில் அணை கட்டி உருவாக்கினான். நாயக்கர் வம்சத்தைச் சேர்ந்த இம்மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. மலைகளும் அடர்காடும் மகாவலியின் வளைவும் கண்டி இராச்சியத்துக்குக் கோட்டைச் சுவராக விளங்கின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்ட காலம் முழுவதும் கண்டி தனியரசாக நின்றதற்கு, படை நடக்க வழியில்லாத இந்த நிலமே பெருங்காரணம். 1803இல் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலேயப் படையும் மேஜர் டேவியின் தலைமையில் பின்வாங்கும்போது, பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் அழிந்தது.

நகரை விட்டுத் தென்னகும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்ததும் தும்பரப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. குண்டசாலை, திகன ஆகிய ஊர்களைத் தாண்டினால் விக்டோரியா நீர்த்தேக்கம் வலப்புறத்தில் தோன்றும். 122 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா அணையே இலங்கையின் மிக உயரமான அணை. நீரின் அழுத்தத்தை இருபுறப் பாறைகளுக்குக் கடத்தும் இரட்டை வளைவு அணை இது. பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட இந்த அணை 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டது. விழாவில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவுடன் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சரும் கலந்துகொண்டார். 72 கோடி கன மீட்டருக்கும் அதிகமான நீரை இது தேக்குகிறது. அந்நீர் சுரங்கம் வழியாகக் கீழேயுள்ள மின்நிலையத்துக்குச் சென்று, 210 மெகாவாட் திறன் கொண்ட இயந்திரங்களைச் சுழற்றுகிறது.

இந்த நீருக்கடியில் ஓர் ஊர் இருக்கிறது. பழைய தெல்தெனிய நகரும், அதைச் சுற்றி நெல்லும் புகையிலையும் விளைந்த வயல்களும் அணைக்காக மூழ்கடிக்கப்பட்டன. இன்றைய தெல்தெனிய மேட்டு நிலத்தில் புதிதாக அமைந்த நகரம். கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கட்டடங்களின் இடிபாடுகள் வெளியே தெரிகின்றன. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணை விட்ட குடும்பங்களில் பல, மஹியங்கனைக்கு அப்பாலுள்ள, மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் சி வலயத்தில் குடியேற்றப்பட்டன. நாட்டின் விளக்குகள் எரிய அந்த மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுக்கொடுத்தார்கள் என்பதை இந்நீர்ப்பரப்பின் அழகை இரசிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

தெல்தெனியவுக்குப் பின் வீதி ஏறத் தொடங்குகிறது. வழியில் உள்ள மெதமஹநுவர, தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு வரலாற்றுத் தலம். கண்டியை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது இப்பகுதியில் மறைந்திருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, முழு இலங்கையும் பிரித்தானியர் வசமானது. மன்னன் குடும்பத்தோடு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனது நினைவிடமான முத்து மண்டபம் இன்றும் இருக்கிறது.

ஹுன்னஸ்கிரிய சந்தியில் பிரதான வீதியை விட்டு இடப்புறம் திரும்பும் கிளைப்பாதைதான் நக்கிள்ஸின் உட்பகுதிக்குச் செல்லும் வழி. பயணத்தின் கடினமான பகுதி இங்கேதான் ஆரம்பமாகிறது. தேயிலைத் தோட்டங்களின் ஊடாக ஏறும் பாதை, லூல்வத்த, டீன்ஸ்டன் பகுதிகளைக் கடந்து கோர்பட்ஸ் கெப் என்ற மலை இடைவெளியை அடைகிறது. பல இடங்களில் ஒரு வாகனம் மட்டுமே செல்லும் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒன்று பின்னோக்கிச் சென்று ஒதுங்க வேண்டும். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். மூடுபனி இறங்கினால் சில மீட்டர் தூரம்கூடத் தெரியாது. வளைவுக்கு முன் ஹோர்ன் அடிப்பதும், ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிடுவதும், இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குவதும் இங்கே ஓட்டுநர் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை.

கோர்பட்ஸ் கெப்பில் நின்றால் நக்கிள்ஸின் இரு முகங்களும் தெரியும். மழைக்காற்றுகளுக்குக் குறுக்கே இத்தொடர் நிற்பதால், தென்மேல் பருவக்காற்றின் மழையை மேற்குச் சரிவுகளும் வடகீழ் பருவக்காற்றின் மழையைக் கிழக்குச் சரிவுகளும் வாங்குகின்றன. அதனால் ஒருபக்கம் பாசி படர்ந்த ஈரக்காடு, மறுபக்கம் பத்தனைப் புல்வெளியும் வரண்ட நிலத்து மரங்களும். ஓயாத காற்றும் ஆழமில்லாத மண்ணும் உள்ள உச்சிகளில் மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளர்வதில்லை. இந்தக் குட்டைக்காடு இலங்கையில் வேறெங்கும் எளிதில் காணக்கூடியதல்ல. மூக்கின் நுனியில் இலை போன்ற உறுப்பைத் தாங்கிய ஒருவகை ஓணான் உலகிலேயே இம்மலைகளில் மட்டும் வாழ்கிறது. இத்தகைய அரிய உயிர்வளத்துக்காகவே நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம், ஹோர்டன் சமவெளியுடனும் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் சேர்ந்து, 'இலங்கையின் மத்திய உயர்நிலங்கள்' என்ற பெயரில் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

கோர்பட்ஸ் கெப்பிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் மீமுரே கிராமம். கண்டி மாவட்டத்தின் மிக ஒதுங்கிய கிராமங்களில் இதுவும் ஒன்று. சில நூறு மக்களே வாழும் இவ்வூரைச் சுற்றிப் படிக்கட்டு வயல்கள், மிளகுக் கொடிகள், கித்துள் மரங்கள். ஊருக்கு எதிரே செங்குத்தாக எழும் லக்கேகல சிகரத்திலிருந்தே இராவணன் தன் விமானத்தைச் செலுத்தினான் என்று ஊர்மக்கள் சொல்வார்கள். அருகே ஓடும் ஹீன் கங்கையின் நீர் தெளிந்தது. ஆனால் மலையில் மழை பெய்தால் நொடியில் பெருகும். வெயில் அடிக்கும் நாளிலும் ஊராரைக் கேட்காமல் ஆற்றில் இறங்கக் கூடாது. வீடுகளில் தங்கும் வசதி உண்டு. மண்சட்டியில் சமைத்த சோறும் கறியும், தயிருக்குக் கித்துள் பாணியும் விருந்தினருக்குக் கிடைக்கும். அந்தப் பணம் நேரே கிராமத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இம்மலைகளின் மறுபக்கச் சரிவுகளில், ரங்கல, மடுல்கல, பன்வில பகுதிகளில், மலையகத் தமிழரின் வாழ்வு வேரூன்றி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக இக்காடுகள் வெட்டப்பட்டபோது, தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே மலை ஏறினார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869இல் தாக்கிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். இன்று பயணிகள் ஓட்டிச் செல்லும் தோட்டப் பாதைகளை வெட்டியதும், பாறையை உடைத்ததும், பாலமிட்டதும் அந்தத் தொழிலாளரின் கைகளே. மலையக வீதிகளின் வரலாற்றில் அவர்களுக்கே முதலிடம் தரப்பட வேண்டும். கண்டியை அடுத்த ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், வழிநெடுக வரும் தோட்டங்களின் கதை நன்றாகப் புரியும்.

மீமுரேயிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்குத் திரும்பி, உடுதும்பர வழியாகக் கிழக்கே சென்றால் பதினெட்டு வளைவுகள். மத்திய மலைநாடு முடிந்து மகாவலிச் சமவெளி தொடங்கும் இடம் இது. அடுக்கடுக்கான வளைவுகளில் இறங்கும்போது குளிர் விலகி வெப்பம் ஏறுவதை உடலே உணரும். முன்பு மிகக் குறுகலாக இருந்த இவ்வீதி பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்டது. மேலிருந்து பார்த்தால் வயல்களும் வாய்க்கால்களும் மகாவலியும் தொடுவானம் வரை தெரியும்.

அடிவாரத்திலுள்ள ஹசலகவைக் கடந்தால் மஹியங்கனை. புத்தர் இலங்கைக்கு முதன்முதலில் வந்த இடம் என்று பௌத்தர்கள் நம்பும் பழமையான தாதுகோபம் இங்கே உள்ளது. நகருக்கு அருகிலுள்ள சொரபொர குளம், இயற்கைப் பாறையைக் குடைந்து மதகு அமைத்த பண்டைய நீர்ப்பொறியியலுக்குச் சான்று. இன்னும் கிழக்கே சென்றால் வேடர் சமூகத்தின் தம்பானைக் கிராமம்.

திரும்பும் வழி மினிப்பே, ரந்தம்பே, ரந்தெனிகல வழியாக அமைகிறது. மினிப்பேயில் பழங்கால அணைக்கட்டின் வாய்க்கால் இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. அதற்கு மேலே 1990இல் நிறைவுற்ற ரந்தம்பே அணை. அதற்கும் மேலே 1986இல் மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் நிறைவேறிய ரந்தெனிகல. 94 மீட்டர் உயரத்துக்குக் கற்களைக் குவித்துக் கட்டிய இந்த அணை, சுமார் 86 கோடி கன மீட்டர் நீரைத் தேக்குகிறது. கொள்ளளவில் இது விக்டோரியாவை விடப் பெரியது. ஆக, மலையில் பெய்த ஒரே நீர் விக்டோரியாவிலும் ரந்தெனிகலவிலும் ரந்தம்பேயிலும் அடுத்தடுத்து மின்சாரம் தந்து, கடைசியில் மினிப்பே வயல்களில் பாய்கிறது. இந்த ஒழுங்கைக் கண்ணால் காண்பதே திரும்பும் வழியின் சிறப்பு.

இந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 42,000 ஹெக்டேர் காடு 1987இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைகள் வீதியைக் கடப்பது இங்கே வழக்கம். ஆகவே மாலை மங்குவதற்குள் இப்பகுதியைக் கடந்துவிட வேண்டும். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒலி எழுப்புவதும், இறங்கிப் படம் பிடிப்பதும், உணவு வீசுவதும் உயிருக்கு ஆபத்து.

பயணத்துக்கு ஏற்ற காலம் பெப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையில் மண்சரிவு அபாயம் அதிகம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மத்திய மலைநாட்டின் சரிவுகள் பெயர்ந்து நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர், வீதிகள் அறுந்தன. எனவே புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் வீதியின் நிலையையும் விசாரித்து அறிவது கடமை. உயரம் கூடிய வாகனம், நல்ல பிரேக், நிறைந்த எரிபொருள் தொட்டி ஆகியவை தேவை. ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் எரிபொருளையும் தொலைபேசித் தொடர்பையும் நம்ப முடியாது. மலைநடைக்கு வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டும், வழி அறிந்த உள்ளூர் வழிகாட்டியும் அவசியம். ஈரமான பாதைகளில் அட்டைக்கடி உண்டு. நீண்ட காலுறை உதவும்.

கொழும்பு, குருநாகல், யாழ்ப்பாணம் எனப் பல ஊர்களிலிருந்தும் விடுமுறைக்குக் கண்டி வருவோர் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு நாட்கள் ஒதுக்கி, இந்தக் கிழக்குப் பாதையிலும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் போத்தல்களையும் பைகளையும் காட்டில் வீசாமல் திரும்பக் கொண்டுவாருங்கள், தங்குவதும் உண்பதும் கிராமத்தவர் வீடுகளிலேயே இருக்கட்டும். நக்கிள்ஸ் காடு நின்றால்தான் மகாவலிக்கு நீர் வரும். மகாவலியில் நீர் இருந்தால்தான் இந்நாட்டின் வயலும் விளக்கும் நிலைக்கும்.