தூக்கி வந்த பிறகு

மே மாதம் மழை பிடித்துவிட்டால் போர்ட் பிளேர் தெருக்களில் பிள்ளைகள் பூனைக்குட்டிகளைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வருவதைப் பார்க்கலாம். ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. கடைவாசலில் அட்டைப்பெட்டியோடு குட்டிகளை விட்டுப்போகும் வழக்கம் மட்டும் மாறவில்லை. கொண்டுவரும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த மனசு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

புதரோரம் கிடக்கும் குட்டியாக இருந்தால் மட்டும் தள்ளி நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். தாய் ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். தாய் வராது என்று உறுதியானால் எடுத்துவந்து முதலில் சூடு கொடுங்கள், பிறகுதான் பால். உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் புகட்டினால் அது செரிக்காது. பசும்பால் வேண்டவே வேண்டாம், வயிற்றுப்போக்கிலேயே போய்விடும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, குப்புறப் படுத்த நிலையில் புகட்ட வேண்டும். கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிடும் இடத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் நாம்தான் துடைத்துவிட வேண்டும். இரவிலும் எழுந்து பார்க்க வேண்டிய வேலை இது. வீட்டில் பெரியவர்கள் பங்கெடுக்காமல் பிள்ளையால் மட்டும் முடியாது.

இரண்டு மாதத்தில் குட்டி தேறிவிடும். கேள்வி அப்போதுதான் வரும்: இனி இதை என்ன செய்வது? “மீன் ஜெட்டியில விட்டா பொழச்சுக்கும்” என்பார்கள். சிலர் சிடியா டாப்பு பக்கம் காட்டோரத்தில் விடச் சொல்வார்கள். இரண்டுமே தவறு. சோறு வைத்துப் பழக்கிய உயிரை மறுபடி தெருவில் விடுவது முதலில் விட்டவர் செய்ததைவிடக் கொடுமை. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது.

காட்டில் விடுவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பூனை இனத்து விலங்கு எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. இங்குள்ள பறவைகளும் பல்லிகளும் பூனைக்குத் தப்பிப் பழகாதவை. நிக்கோபார் மெகாபோட் பறவை மணலும் இலையும் சேர்த்து மேடு கட்டி அதற்குள் முட்டையிடும். பொரிந்து வெளியே வரும் குஞ்சுக்குத் தாயின் காவல் கிடையாது. அங்கே ஒரு பூனை திரிந்தால் என்ன ஆகும்? நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனைகளும் வந்தன. அங்கு மிஞ்சியிருந்த பறக்க இயலாத ஒரு சின்னஞ்சிறு பறவையினம் அடுத்த சில ஆண்டுகளுக்குள் பூண்டோடு அழிந்தது.

ஆகவே குட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நல்ல வீடு பார்த்துக் கொடுங்கள். எதுவானாலும் கருத்தடை ஆபரேஷன் கட்டாயம். பெண்குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும், அடுத்த இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். நான்கு மாதம் முடியும்போதே மருத்துவரிடம் நாள் கேட்டுவிடுங்கள். ‘ஒரு ஈத்து ஈனட்டுமே’ என்று இரக்கப்படுவதால்தான் அட்டைப்பெட்டிகள் பெருகுகின்றன.

கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாடகை வீட்டுக்காரர் சம்மதித்தாரா, மெயின்லேண்டுக்கு மாற்றலானால் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள். கப்பலில் மூன்று நாள் பயணம் என்றதும் விட்டுப்போனவர்கள் உண்டு. அதேபோல், சென்னையிலிருந்து ஆசைக்காகப் பூனை கொண்டுவராதீர்கள். இந்தியாவில் வெறிநோய் இல்லாத தீவுகள் என்ற பெயர் அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும்தான் இருக்கிறது. அதை நாம் காப்பாற்ற வேண்டும்.

உங்கள் பிள்ளை நாளைக்கே ஒரு குட்டியோடு வந்து நிற்கலாம். உள்ளே வரச் சொல்லுங்கள். அதே வாரத்தில் அவனையும் அழைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய் வாருங்கள்.