தாலாட்டுக்கு ஓர் அறை

என் அன்னையாருக்கு வயது 78. அவர் பாடும் தாலாட்டுக்கள் ஏட்டில் எழுதப்பெறாதவை. அவருடைய நினைவிலே மட்டும் வாழ்பவை. அவற்றைக் காப்பதற்காகவே வீட்டிலோர் ஒலிப்பதிவு அறை அமைத்தேன். கணினியோடு இணையும் ஒலிவாங்கி ஒன்றே விலைகொடுத்து வாங்கியது. ஏனையவை வீட்டிலே இருந்தன.

நொடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும் ஒலி, வெறுஞ்சுவரில் மோதி உடனே திரும்பிக் குரலைக் கலக்குகின்றது. தடித்த துணியோ அதனை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் சேலைகள் நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து, அதன் முன்னே அன்னையாரை அமர்த்தினேன். இருபக்கமும் பஞ்சு மெத்தைகளை நிறுத்தினேன். முட்டைத் தட்டுக்களைச் சுவரில் ஒட்டுமாறு சிலர் கூறுவர். அவை வெளிச் சத்தத்தைத் தடுப்பதில்லை. அதற்குச் செலவில்லாத வழி, ஊர் உறங்கியபின் பாடுவதே. மின்விசிறியையும் நிறுத்தினோம். மூச்சுக்காற்று நேரே மோதாதவாறு, ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்தோம்.

ஆறு பாடல்கள் பதிவாயின. ஏழாவதன் ஈற்றடிகள் அன்னையாரின் நினைவுக்கு வரவில்லை. அதனைச் சொல்லித்தர இன்று எவருமில்லை.

மாணவர்களே, உங்கள் இல்லங்களிலும் அலுமாரி உண்டு, பாட்டிமாரும் உளர். காலந்தாழ்த்தாதீர்கள்.