வைரத்துக்குள் வைரம் தேடும் வேலை

கால் காரட் வைரங்கள் இரண்டு, அவைதான் எங்கள் பட்டடைகள். கூர்முனையைத் தட்டையாகத் தீட்டி எதிரெதிரே வைத்து, நடுவில் ரீனியம் தகடு கொடுத்து, அதில் தலைமுடிப் பருமனுக்கு ஒரு துளை. கரியமில வாயுவை நாங்கள் அடைத்துவைக்கும் அறை அதுதான். கூடவே ஒரு மாணிக்கத் துகளையும் போடுவோம். அழுத்தம் ஏற ஏற, 694 நானோமீட்டரில் இருக்கும் அதன் சிவப்பொளி நகரும். எங்கள் அழுத்தமானி அதுவே.

திருகை இறுக்கினால் அரை கிகாபாஸ்கலை ஒட்டி, அறை வெப்பநிலையிலேயே வாயு உறைந்துவிடும். அதற்குமேல் இறுக்கினால் மூலக்கூறுகள் அடுக்கு மாற்றிக்கொள்ளும், ஆனால் லேசில் உடையாது. அதற்குச் சூடு வேண்டும். 1999-இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 40 கிகாபாஸ்கலில், ஏறக்குறைய நான்கு லட்சம் மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், லேசரால் 1800 கெல்வின் அளவுக்குச் சுட்டார்கள். ஒவ்வொரு கார்பனும் நான்கு ஆக்சிஜனோடு பிணைந்து, குவார்ட்ஸ் போன்ற திடப்பொருள் பிறந்தது. ராமன் நிறமாலையில் பழைய முகடுகள் மங்கி, 800 செ.மீ⁻¹-க்குச் சற்றுக் கீழே புதிய முகடு தலைகாட்டும்.

தொல்லை இனிமேல்தான். உறைந்த கரியமில வாயு கண்ணாடி மாதிரி. எங்கள் அகச்சிவப்பு லேசர் அதைச் சுடாமலே ஊடுருவிப் போய்விடும். சூட்டை வாங்கித் தர ஓர் உலோகத் துணுக்கு வேண்டும். அந்த உலோகம் சும்மா இருக்குமா? ரீனியமே இந்த வாயுவிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளக்கூடியது. 2001-இல் ஒரு குழு, கரியமில வாயு வைரமாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்றது. 2018-இல் இன்னொரு குழு 120 கிகாபாஸ்கல் வரை போயும் பிரிவைக் காணவில்லை. நான் இரண்டாவது குழுவின் பக்கம். வாயு தானே உடைந்ததா, உலோகம் உடைத்ததா என்று கேட்காமல் எந்த முடிவையும் நம்புவதில்லை.

வைரம் உண்டானதா என்று ராமனில் பார்த்தால், 1332 செ.மீ⁻¹-இல் பட்டடை வைரமே கத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கூச்சலில் புதுத் துகளின் குரல் எங்கே கேட்கும்? அதனால் முதலில் ஆக்சிஜனின் முகட்டைத்தான் தேடுவேன். பிறகு அழுத்தத்தை இறக்குவேன். ஒரு கிகாபாஸ்கல் அளவுக்கு வந்ததும் குவார்ட்ஸ் போன்ற அந்தத் திடப்பொருள் பழையபடி மூலக்கூறுகளாகிவிடும். திறந்தால் ஆவியாகிப் போய்விடும். வைரம் உண்டாகியிருந்தால் அது மட்டும் துளையில் தங்கும். தகட்டைத் தனியே எடுத்து, பட்டடையின் தொந்தரவு இல்லாமல் மறுபடி ராமனில் வைப்பேன்.