தண்ணி வருதோ?

சென்ற கோடையில் சிறிய படகொன்று வாங்கினேன். பின்னால் பழைய 15 குதிரைவலு யமஹா எஞ்சின். மனுரேவாவை அடுத்த வேமவுத் இறங்குதுறையில் கயிற்றை இழுத்தேன், ஸ்டார்ட் ஆனது. கரையில் நின்ற அப்பா கத்தினார்:

“தம்பி, தண்ணி வருதோ பார்!”

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கத்துத் துளையால் பீறிட வேண்டும். வரவில்லை. உடனே நிறுத்தினேன்.

வீட்டில் கழற்றினோம். தண்ணீரை ஏற்றும் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்து, இரண்டு ஒடிந்திருந்தன. மனுகாவ் குடா வற்றும்போது எங்கும் சேறு. சேறும் மணலும் ரப்பரை அரித்துவிடும். புதியது போட்டோம். கடலால் வந்ததும் குழாயைப் பொருத்தி, நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓடவிடுவது அப்பாவின் பொறுப்பு. படகில் மட்டும் ஏறமாட்டார்.

1990இல் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்தபோது, படகை விட்டுவிட்டு எஞ்சினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர். முகாமில் பெற்றோலும் இல்லை, கடலும் இல்லை. 2017இல் துறைமுகத்தை விடுவித்தபோதும் போய்ப் பார்க்கவில்லை.

“அந்த எஞ்சின் என்னாச்சு, அப்பா?”

“உப்பு உள்ளுக்க நிண்டா இறுகிப்போகும், தம்பி.”

போன சனிக்கிழமை எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். தண்ணீர் பீறிட்டது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

“கொஞ்சம் தள்ளி இரு.”