பாதாளக் கரண்டி

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் முன்னாளில் அது தெரு முழுவதற்கும் தெரிந்த செய்தியாகிவிடும். பாதாளக் கரண்டி எல்லார் வீட்டிலும் இராது என்பதே காரணம். நமது பண்டசோழநல்லூரில், நாம் பிறந்து வளர்ந்த தெருவில், அது மேலண்டை வீடு ஒன்றில் மட்டுமே இருந்தது. இரும்பு வளையத்தில் கொத்தாகத் தொங்கும் கொக்கிகள், அவ்வளவுதான். ஆனால் அதைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு சொம்போ தவலையோ அடகு வைக்க வேண்டும். என்ன விழுந்தது, யார் கையிலிருந்து விழுந்தது என்ற விசாரணையும் நடக்கும். இந்த விசாரணைக்கு அஞ்சியே கயிற்றை இறுகப் பிடித்தவர்கள் உண்டு.

நமக்கு அப்போது ஒன்பது வயது. பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்துப் பாட்டிலைத் தகப்பனார் கிணற்றுக் கைபிடிச் சுவரின்மேல் வைத்துவிட்டு வயலுக்குப் போயிருந்தார். நாம் இராட்டினக் கயிற்றைப் பிடித்து விளையாடினோம். பாட்டில் உள்ளே போய்விட்டது. "தொபுக்" என்ற சப்தம் இன்றும் காதில் இருக்கிறது. பாட்டில் எங்கே என்று தகப்பனார் கேட்டபோது, தெரியாது என்றோம்.

அதன்பின் இரண்டு நாள் நாம் அக்கிணற்று நீரைத் தொடவில்லை. தாகமெடுத்தால் அடுத்த வீட்டுக்கு ஓடினோம். வீட்டிலுள்ள மற்றவர்கள் குடித்தார்கள், சமைத்தார்கள். கன்றுக்குட்டியும் குடித்தது. நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம்! மூன்றாம் நாள் காலையில் பாட்டி கேட்டாள்: "ஏண்டா, ரெண்டு நாளா நம்ம வீட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டேங்கிற?" அழுதுகொண்டே சொல்லிவிட்டோம்.

சொம்பு அடகு போயிற்று. பாதாளக் கரண்டி வந்தது. ஆனால் பாட்டிலுக்குக் காது ஏது, கொக்கியில் மாட்டுவதற்கு? பகல் முழுவதும் கிணற்றை இறைத்து, இடுப்பளவு நீர் இருக்கும்போது ஒருவர் இறங்கி எடுத்து வந்தார். தெய்வாதீனமாக மூடி திறந்திருக்கவில்லை.

காணாமற் போன அணுகுண்டுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்த இரண்டு நாட்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. அணு ஆயுதங்களுக்கு நேர்ந்த பெரிய விபத்துக்களென்று அமெரிக்க ராணுவ இலாகா 1981-ல் வெளியிட்ட ஜாபிதாவில் முப்பத்திரண்டு இருந்தன. அவற்றில் ஒன்று 1965 டிசம்பர் 5-ந் தேதி நடந்தது. வியட்நாம் யுத்தத்திலிருந்து ஜப்பானை நோக்கிச் சென்றுகொண்டிருந்த டைகாண்டரோகா என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தட்டிலிருந்து ஒரு விமானம் உருண்டு கடலில் விழுந்தது. விமானி, விமானம், அதில் பூட்டியிருந்த ஹைட்ரஜன் குண்டு ஆகிய மூன்றும் சுமார் 16,000 அடி ஆழத்துக்குப் போய்விட்டன. 1981 வரை உலகத்துக்கு இது தெரியாது. அப்போதும், கரையிலிருந்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் என்றே சொன்னார்கள். ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து எண்பது மைல் தூரமே என்பது 1989-ல்தான் வெளியாயிற்று. அந்தத் தீவுகளின் செம்படவர்கள் இருபத்து மூன்று வருஷங்களுக்குமேல் ஒன்றுமறியாமல் வலை வீசினார்கள்.

குண்டு தானாக வெடித்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. உள்ளிருக்கும் மருந்து குறிப்பிட்ட முறையில், ஒரே கணத்தில் பற்றினாலன்றி அணுவெடிப்பு நிகழாது. உப்பு நீர் உலோகத்தை அரித்து, புளுட்டோனியம் கடலடிச் சேற்றில் கலப்பது ஓர் அபாயம். மற்றவர் கையில் சிக்குவது மற்றோர் அபாயம். அவ்வளவு ஆழத்திலிருந்து யார் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். 1968-ல் பசிபிக் சமுத்திரத்தில், ஏறக்குறைய அதே ஆழத்தில் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் ஒரு பகுதியை, 1974-ல் அமெரிக்கர்களே ரகசியமாகத் தூக்கினார்கள். கடலடியில் உலோகக் கனிகளைத் தோண்டப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான்! பிறர் பொருளை எடுக்கப் பாதாளக் கரண்டி இருக்கத்தான் இருக்கிறது.

ஊராரிடம் கேட்டால் பலனுண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1966 ஜனவரியில் ஸ்பெயின் தேசத்துப் பலோமாரெஸ் கிராமத்தின் மேலே இரண்டு அமெரிக்க விமானங்கள் மோதி, நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. மூன்று நிலத்தில், அவற்றுள் இரண்டிலிருந்து புளுட்டோனியம் வயல்களில் சிதறியது. நான்காவதைத் தேடிப் போர்க்கப்பல்கள் கடலைச் சல்லடையாய்ச் சலித்தன. அது விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் பிரான்சிஸ்கோ சிமோ என்ற செம்படவர். முதலில் அவர் பேச்சுக்கு அதிக மதிப்பில்லை. கடைசியில் அவர் காட்டிய திக்கிலேயே, 2,500 அடி ஆழத்தில் அது அகப்பட்டது. ஏப்ரல் 7-ந் தேதி மேலே வந்தது.

அதெல்லாம் அந்நிய நாட்டு விவகாரம் என்றிருந்தால் நிம்மதியாய்த் தூங்கலாம். நம் நாட்டிலும் ஒன்று தொலைந்தது. கடலில் அல்ல, கடலுக்கு நீர் அனுப்பும் மலையில். 1964-ல் சீனா அணுகுண்டைச் சோதித்தது. அதன் சோதனைகளை ஒட்டுக்கேட்க, அமெரிக்க உளவு ஸ்தாபனமும் நமது உளவுத் துறையும் சேர்ந்து நந்தாதேவிச் சிகரத்தில் ஒரு கருவியை நிறுத்த ஏற்பாடு செய்தன. அதற்கு மின்சாரம் தரப் புளுட்டோனியம் நிரப்பிய ஜெனரேட்டர். அது குண்டல்ல, ஆனால் விஷம். எவரெஸ்ட் ஏறி வந்த இந்தியக் குழுவின் தலைவர் எம்.எஸ். கோலியே இதற்கும் தலைவர். சுமந்து சென்ற ஷெர்ப்பாக்களுக்கு அதன் கதகதப்பு பிடித்திருந்ததாம். 1965 அக்டோபரில் பனிப்புயல் அடிக்கவே, கருவியைப் பாறையில் கட்டிவிட்டு இறங்கினார்கள். மறு வருஷம் போய்ப் பார்த்தால் கருவியுமில்லை, அது இருந்த இடமுமில்லை. பனிச்சரிவு கொண்டுபோய்விட்டது. பல முறை தேடியும் அகப்படவில்லை.

1978-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதிய பிறகே பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் பார்லிமெண்டில் அதை ஒப்புக்கொண்டார். விஞ்ஞானிகள் குழுவொன்று ஆராய்ந்து, நீரில் மாசு காணவில்லை என்றது. நல்லதுதான். ஆனால் அந்தப் பனி உருகி ரிஷிகங்கையாகி, அலகநந்தாவில் சேர்ந்து, கங்கையாக வங்காள விரிகுடாவை அடைகிறது; நமது புதுவைக் கடலும் அதுவே. 2021 பிப்ரவரியில் ரிஷிகங்கையில் பெருவெள்ளம் வந்து இருநூறு பேருக்குமேல் மாண்டபோது, ரைணி கிராமத்தார் அந்தக் கருவியையே சந்தேகித்தார்கள். பாறையும் பனியும் சேர்ந்து சரிந்ததே காரணம் என்று நிபுணர்கள் விளக்கினார்கள், விளக்கம் சரியானதே. ஆயினும் பதின்மூன்று வருஷம் வாய் திறவாதிருந்தவர்களின் பேச்சை ரைணி மக்கள் எப்படி உடனே நம்புவார்கள்? அந்தப் புளுட்டோனியத்தில் பாதி தீர்வதற்கே எண்பத்தெட்டு வருஷம் வேண்டும், அதாவது 2053.

பாட்டில் கிடைத்த அன்று மாலை, பாதாளக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துச் சொம்பை மீட்டு வரப் பாட்டி நம்மைத்தான் அனுப்பினாள். வேறு யாராவது போகட்டும் என்று கெஞ்சிப் பார்த்தோம், பலிக்கவில்லை. மேலண்டை வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "என்னடா விழுந்தது?" என்று கேட்டார்கள். சொன்னோம். "என்னைக்கு?" என்றார்கள். அதையும் சொன்னோம்.