சிவப்பு, பச்சை, அப்புறம் என் கண்ணு

பி.காம் படிக்கிறவனுக்கு மரபணுவோட என்ன வேலைன்னு சிரிக்காதீங்க மக்களே. வீட்டுல அக்கா பயோடெக்னாலஜி. அவ திரையில பார்த்த கட்டம் கட்டமான படம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

ஒரு செல்லுல எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்தா பெரிய எண் அட்டவணை வரும். நம்ம டிரையல் பேலன்ஸ் மாதிரிதான், ஆனா ஆயிரக்கணக்குல வரிகள். பார்த்தா தலை சுத்தும். 1998ல ஸ்டான்ஃபோர்டுல மைக்கேல் ஐசனும் கூட இருந்தவங்களும், ஒண்ணு போல ஏறி இறங்குற மரபணுக்களைப் பக்கம் பக்கமா அடுக்கி, எண்ணுக்குப் பதிலா நிறம் கொடுத்தாங்க. கூடினா சிவப்பு, குறைஞ்சா பச்சை, மாறலைன்னா கருப்பு. (பங்குச் சந்தைக்கு அப்படியே தலைகீழ்!)

"டேய், ரெண்டு கூட்டமா எவ்வளவு அழகா பிரியுது பாரு"ன்னா அக்கா. எனக்குத் தெரிஞ்சது ஒரே சேத்து நிறம். எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு. நான் மட்டும் இல்லை, வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு. அத்தனை பேர்ல எத்தனை விஞ்ஞானிகளோ!

அக்கா வச்சிருந்தது ஜாவா ட்ரீவியூ. அலோக் சல்தானா 2004ல வெளியிட்ட திறமூல மென்பொருள், காசு கிடையாது. அமைப்புக்குப் போய் மஞ்சள்-நீலம்னு மாத்தினா. சட்டுனு ரெண்டு கூட்டம்! கொஞ்ச நேரம் நான் பேசவே இல்லை.

பங்குச் சந்தை பழக நான் காசு கட்டி வாங்கின ஒரு மென்பொருள்ல நிறம் மாத்த வழியே இல்லை. மின்னஞ்சல் போட்டேன், பதில் வரலை. நிறம் மாத்துற பொத்தானுக்குத் திறமூலம் கட்டாயம் இல்லைதான். ஆனா பொத்தான் இல்லாட்டி, நிரல் தெரிஞ்ச யாராவது உள்ளே போய் வச்சுக்கலாம். மூடின பெட்டிக்குள்ள யார் போறது?

இன்னொண்ணு. அதே படத்துல நிற அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சா, சின்ன வித்தியாசம்கூடப் பெரிய கலவரம் மாதிரி தெரியுது. ஆண்டறிக்கை வரைபடத்துல அளவுகோலை மாத்தி லாபத்தை ஊதிக் காட்டுவாங்களே, அதே கதை. படத்தை நம்புறதுக்கு முன்னாடி அந்த எண்ணைக் கேட்கணும்.

இப்போ அப்பாவோட மளிகைக் கடையின் 24 மாச விற்பனையை, ஒவ்வொரு சரக்கோட சராசரியோடும் ஒப்பிட்டு, அதுல போட்டுப் பார்த்துட்டு இருக்கேன். பச்சரிசி, வெல்லம், முந்திரி மூணும் பக்கத்துல பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கு, ஜனவரியில பளிச்னு மஞ்சளா.